மறு: நிலவுப் பாறைகளின் காந்தத்துக்கு ‘உறைகாந்தம்’

> ‘எஞ்சு காந்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாம். புறப்புலத்தை நீக்கியபின் எஞ்சி நிற்பதுதானே?

ஐயா, வணக்கம். வெளியிலிருந்த காந்தப்புலம் (புறப்புலம்) மறைந்த பின்னும் பாறைக்குள் நிலைத்து நிற்கும் காந்தத்துக்கு ‘உறைகாந்தம்’ என்று நான் முன்மொழிந்தேன்; நீங்கள் ‘எஞ்சு காந்தம்’ போதும் என்கிறீர்கள்.

இரும்புத் தண்டைக் கம்பிச் சுருளுக்குள் வைத்து மின்னோட்டத்தை நிறுத்தும் சோதனைக்கு உங்கள் சொல் சரியாகப் பொருந்துகிறது. நிலவுப் பாறைக்கு அது போதாது. எஞ்சியது என்றால் மிச்சம், தற்செயலாகத் தங்கிப்போனது என்ற தொனி வருகிறது. பாறைக்குள் நடப்பதோ இறுகப் பிடித்துக்கொள்ளுதல்.

எரிமலைக் குழம்பு குளிரும்போது அதில் நுண்ணிய இரும்புத் துகள்கள் இருக்கின்றன. (புவியின் பாறைகளில் இந்த வேலையைப் பெரும்பாலும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த மாக்னடைட் என்ற கனிமம் செய்கிறது. நிலவில் ஆக்சிஜன் கிடைப்பது அரிது. இரும்பு உலோகமாகவே நின்றுவிட்டது.) சுமார் 770 பாகை செல்சியசுக்கு மேல் துகளுக்குள் அணுக்களின் காந்தத் திசைகள் சிதறிக் கிடக்கும். கீழே இறங்கியதும் அணிவகுக்கும். அந்நேரம் அங்கே ஒரு காந்தப்புலம் இருந்தால் அதன் பக்கம் சாயும். மேலும் குளிர்ந்தபின், புலமே மறைந்தாலும் சாய்ந்த திசை மாறாது. அப்பல்லோ 17 கொண்டுவந்த 76535 என்ற கல்லை எண்ணிப்பாருங்கள். ஆழத்தில் மிக மெதுவாகக் குளிர்ந்த அது 420 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய புலத்தின் தடத்தைச் சுமக்கிறது. இன்றைய நிலவுக்கோ முழுக்கோளத்தையும் தழுவும் காந்தப்புலமே இல்லை. இதை மிச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே உறைகாந்தம். இது வினைத்தொகை: உறைந்த, உறைகின்ற, உறையும் காந்தம். மூன்று காலமும் ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றன.

> விண்கல் மோதலின் அழுத்த அலையாலும் பாறை காந்தமேறும். அங்கே குளிர்ந்து உறைதல் ஏது?

நல்ல கேள்வி. உறைதலுக்குத் தங்குதல் என்ற பொருளும் உண்டே; உறைவிடம் என்கிறோம். எவ்வழியில் வந்தாலும் உள்ளே குடியிருக்கும் காந்தம் அது. எனவே வெப்ப உறைகாந்தம், மோதல் உறைகாந்தம் என்று கிளை பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு எதிர்ச்சொல் ஒன்றும் தேவை. அப்பல்லோ 12 கொண்டுவந்த கல் ஒன்றின் துண்டைக் காந்தம் நீக்கி, 1972இல் அப்பல்லோ 16இல் மீண்டும் பயணம் அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அது விண்கலத்தின் புலத்திலிருந்து புதுக் காந்தம் ஏற்றிருந்தது. திசை மாறி மாறி ஊசலாடும் புலத்தில் கல்லை வைத்ததும் அந்தப் புதுக் காந்தம் எளிதாகக் கழன்றுவிட்டது. பழங்காலப் புலத்தை அளக்க வருபவர் முதலில் களைய வேண்டியது இந்த மேற்பூச்சைத்தான். அதற்கு ‘ஒட்டுகாந்தம்’ என்று முன்மொழிகிறேன். ஒட்டியது கழலும், உறைந்தது எளிதில் கழலாது.

ஒரு வேண்டுகோள்: வல்லினம் மிகாமல் ‘உறைகாந்தம்’ என்றே எழுதுங்கள். ‘உறைக்காந்தம்’ என்றால் மேலுறைக்குள் வைத்த காந்தம் என்று படித்துவிடுவார்கள்.