கைபேசிக்கே என் முகம் தெரியாமல் போனது: உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

மழைத்துளி:
இரத்தக்குழாய் அழற்சி. தினமும் 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்குப் பசி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் தெரிந்த கதைதான், அதை விட்டுவிடுகிறேன்.

ஏழாவது வாரம். அதிகாலை மூன்று மணிக்கு வழக்கம்போல் விழிப்பு வந்தது. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தேன். திறக்கவில்லை. விளக்கைப் போட்டுவிட்டு மறுபடி பிடித்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன். கடைசியில் அது கடவு எண்ணைக் கேட்டது. மூன்று வருடமாக ஒரு நாளைக்கு நூறு முறை என்னைப் பார்த்துக்கொண்டிருந்த கருவி. கன்னங்கள் மேலேறிக் கண்கள் கீற்றாகிவிட்டதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

அன்று காலையே பரிசோதனை. எடை 9 கிலோ கூடியிருந்தது. கோப்பைப் புரட்டியபடி, நிமிர்ந்து பார்க்காமல், "கொஞ்சம் வாயைக் கட்டுங்கள் அம்மா" என்றார் மருத்துவர். மாத்திரையை எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தத் தலையாட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. நேற்று மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, இதை விட்டுவிட்டால் என்ன என்று பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன்.

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கு முகம், எனக்குக் குரல். தைராய்டு. அக்காவுக்குத் தொலைபேசியில் "நான்தான்" என்றேன். "நான்தான் என்றால் யார் பேசுவது?" என்று கேட்டாள். நாற்பது வருடம் கூட வளர்ந்தவள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை, குரல் அவ்வளவு கரகரத்துப் போயிருந்தது. அவள் விரட்டித்தான் இரத்தம் கொடுத்தேன். தைராய்டு சுரப்பு குறையும்போது ஏறும் டி.எஸ்.எச். 68. நான்கைத் தாண்டினாலே கவனிக்கச் சொல்வார்கள்.

அப்போது 8 கிலோ ஏறியிருந்தது. மாத்திரை போட்டால் எட்டும் இறங்கிவிடும் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னேன். டி.எஸ்.எச். ஒழுங்குக்கு வந்தது. எடை மூன்று கிலோதான் இறங்கியது. அதுவும் பெரும்பாலும் உடம்பு பிடித்துவைத்திருந்த உப்பும் தண்ணீரும்தான் என்றார்கள். மீதி ஐந்து நானே சேர்த்தது. ஆகவே, சகோதரி, கோபப்பட வேண்டாம்: எல்லாவற்றையும் ஹார்மோன் தலையில் கட்டக்கூடாது. காற்றிலிருந்து கொழுப்பு உண்டாவதில்லை. உள்ளே போனதில் செலவு போக மிச்சம், அவ்வளவுதான்.

ஊசிமுனை:
கணக்கில் ஓர் ஓட்டையை விட்டுவிட்டீர்கள் ஐயா. என் விஷயத்தில் அது நிஜமான ஓட்டை. இரத்தச் சர்க்கரை ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் திருப்பி எடுக்க முடியாது, சிறுநீரோடு போய்விடும். இரண்டு வருடம் நான் சாப்பிட்டதில் ஒரு பங்கு அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. இன்சுலின் தொடங்கியதும் அடைபட்டது. சாப்பாடு அதேதான், நான்கு மாதத்தில் 6 கிலோ ஏறியது. "உடம்பு தேறிவிட்டது" என்று காலையில் சித்தப்பா மகிழ்ந்தார். மாலையில் எடை பார்த்த செவிலியர் உதட்டைப் பிதுக்கினார். ஒரே நாள், ஒரே உடம்பு.

விடியல்:
எனக்குப் பி.சி.ஓ.எஸ்., சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு. பதினைந்து வயதில் என் பின்கழுத்துக் கருமையை அழுக்கு என்று நினைத்து, அத்தை குளியலறையில் உட்காரவைத்துப் நுரைக்கல்லால் தேய்த்தார். தோல் உரிந்து இரத்தம் வந்தது. "வந்துவிட்டது பார், வந்துவிட்டது பார்" என்று சொல்லிக்கொண்டே தேய்த்தார். அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் என்று தெரிய இன்னும் ஒன்பது வருடம் ஆயிற்று. அவ்வளவுதான் என் கதை.

இனி கணக்குப்பிள்ளை அண்ணாவுக்கு. கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரவையும் செலவையும் தீர்மானிப்பது யார்? 1994இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் திசுவே சுரந்து, "இருப்பு போதும்" என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. எல்லோருக்கும் லெப்டினை ஊசியாகப் போட்டால் இளைத்துவிடலாம் என்று முதலில் நினைத்தார்கள். நடக்கவில்லை. பருமனானவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் ஏற்கெனவே நிறைய இருக்கிறது. மூளைதான் அதைக் காதில் வாங்குவதில்லை. பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்குத்தான் அந்த ஊசி அற்புதம் செய்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 1999இல் வந்தது. 2011இல் ஆஸ்திரேலியாவில் ஐம்பது பேரைப் பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் வைத்தார்கள். இளைத்தவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் லெப்டின் இன்னும் தாழ்ந்தே இருந்தது, கிரெலின் உயர்ந்தே இருந்தது. கூடுதலாகப் பசிக்கிறது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு வருடமாக உடம்பு உண்ணச் சொல்லி நச்சரிக்கிறது, நீங்கள் மிச்சம் பார்க்கச் சொல்கிறீர்கள்!

மேலும், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடுகிறீர்களா? இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லையென்றால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. முடிக்கு என்று பயோட்டின் வைட்டமின் சாப்பிட்டால் தைராய்டு பரிசோதனை முடிவே தப்பாக வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. பார்ப்பதாக இருந்தால் சளி, காய்ச்சல் இருக்கும்போது பார்க்காதீர்கள். எண் எகிறி நிற்கும், கொழுப்பினால் வரும் மெல்லிய அழற்சியா தொற்றா என்று பிரித்தறிய முடியாது. தூக்கமும் முக்கியம். இரவு பதினொரு மணிக்குள் படுத்துவிடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
தங்கச்சி, நான் எதையும் கேட்கவில்லையே. இரும்புச்சத்தும் சாப்பிடுவதில்லை, முடியும் இல்லை.

மீதிக்கல்:
எல்லோரும் ஏறிய எடையைப் பற்றியே பேசுகிறீர்கள். என் அப்பாவுக்கு முடக்குவாதம், மூட்டுகளில் அழற்சி. ஐந்து வருடம் எடை ஒரு கிலோகூட மாறவில்லை. உறவினர்களுக்கு அதில் ஏக நிம்மதி. ஒரு நாள் அவர் சட்டைக்கையை மடித்தபோது கைக்கடிகாரம் முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. அதை அவர் மணிக்கட்டுக்கு இறக்கினார், கையை உயர்த்தினார், மறுபடி போனது. எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பெல்ட்டோ அதே பழைய துளையில்தான் இருந்தது. கையிலும் தொடையிலும் தசை கரைந்துகொண்டே இருந்திருக்கிறது, வயிற்றில் கொழுப்பு அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது. தராசு இரண்டையும் கூட்டிக் கழித்துச் சுழியம் காட்டியிருக்கிறது.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டி.என்.எஃப். என்று ஓர் அழற்சிப் புரதம். நோயில் உடம்பை உருக்குவதால் எண்பதுகளில் அதற்குக் 'கேச்செக்டின்' என்றே ஒரு பெயர் இருந்தது. 'கேச்செக்சியா' என்றால் உடல் நலிவு. அதே புரதத்தை 1993இல் கோகான் ஹோத்தமிஸ்லிகில் குழுவினர் பருத்த எலிகளின் கொழுப்பில் கண்டார்கள், அங்கே அது இன்சுலின் வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. மெலிவிப்பதும் அதுதான், பருத்த உடம்பில் சர்க்கரை நோய்க்கு வழி போடுவதும் அதுதான். அழற்சி வந்தால் எடை ஏறும் என்று ஒரே வரியில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அப்பாவின் கடிகாரம்தான் ஞாபகம் வருகிறது.

நான்காம் நாள்:
மழைத்துளி, முதல் பதிவின் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் அதைத் தாண்டி எங்கெங்கோ போய்விட்டார்கள்.

நான் விட்டுப் பார்த்தவன். ஆஸ்துமாவுக்காக ஐந்து மாதம் அதே மாத்திரை. பள்ளி நண்பன் ஒருவன் பழைய குழுப் படத்தின் கீழே என் முகத்தைப் பற்றி எழுதிய கேலி, இங்கே வேண்டாம். அன்றிரவே நிறுத்தினேன். முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் அலுப்பு. மூன்றாம் நாள் வாந்தி. நான்காம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தவன் குளியலறைத் தரையில் கன்னத்தைப் பதித்துக் கிடந்தேன். கண்ணுக்கு நேரே தரை ஓட்டின் விளிம்பில் பற்பசைத் துளி ஒன்று. அதைத் துடைக்க வேண்டும் என்று தோன்றியது, விரலை நகர்த்த முடியவில்லை. எத்தனை நேரம் என்று தெரியாது.

உடம்பு ஒரு நாளில் தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசோல், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். நீங்கள் எடுப்பது அதைப் போல் எட்டு மடங்கு. வெளியிலிருந்து அவ்வளவு வரும்போது, கார்ட்டிசோலைச் சுரக்கும் அட்ரினல் சுரப்பி வேலையை நிறுத்திவிடும். மாதக்கணக்கில் தூங்கியதைத் திடீரென்று எழுப்ப முடியாது. இரத்த அழுத்தம் சரிந்துவிடும், உயிரே போகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். அந்த மருத்துவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறொருவரிடம் போங்கள். மாத்திரையின் மேல் கோபத்தைக் காட்டாதீர்கள்.

விடியல்:
நான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை. மன்னியுங்கள் மழைத்துளி.

கணக்குப்பிள்ளை:
நானும்தான். என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை எழுதுங்கள் சகோதரி.

மழைத்துளி (நான்கு மாதம் கழித்து):
நிறுத்தவில்லை. வேறு மருத்துவரிடம் போனேன். அவர் கோப்பைத் திறப்பதற்கு முன் முகத்தைப் பார்த்தார், "இது கொழுப்பும் நீரும் இடம் மாறி உட்கார்ந்தது, மருந்து குறையக் குறைய இறங்கும்" என்றார். அழற்சியை அடக்க வேறு மருந்து சேர்த்து இதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். இப்போது 7.5 மில்லிகிராம். ஒன்பது கிலோவில் ஐந்து போய்விட்டது. மீதி நான்கைப் பற்றிக் கணக்குப்பிள்ளை அண்ணா ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கைபேசி விஷயம்: அன்று அதிகாலை கடவு எண்ணைப் போட்ட கையோடு, ஊதிய முகத்தை இரண்டாவது முகமாகப் பதிந்து வைத்திருந்தேன். போன வாரம் அமைப்புகளைத் திறந்தால் இரண்டும் இருந்தன. எந்த முகத்துக்கு இப்போது திறக்கிறது என்று அதில் தெரியவில்லை. இரண்டாவதை நீக்கப் போனேன். மாத்திரை இன்னும் 7.5 இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.