2014 எம்எல் 350 சிடிஐ 16 லட்சத்துக்கு வருது, கோத்தகிரிக்கு ஏத்ததா?

கோத்தகிரி43:
கோவையில 2014 மெர்சிடிஸ் எம்எல் 350 சிடிஐ, 96,000 கிமீ, ரெண்டாவது ஓனர், ஏர்மேட்டிக் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை). 16 லட்சம் சொல்றாங்க. தினம் கோத்தகிரி–ஊட்டி, வாரம் ஒருக்கா மேட்டுப்பாளையம் இறக்கம். ரிப்பேர் எவ்வளவு கடிக்கும்?

குன்னூர் டீசல்:
வேண்டாங்க. வண்டி விலைதான் இறங்கியிருக்கு, பார்ட்ஸ் விலை அரைக்கோடி வண்டிக்கான விலையாவே நிக்குது. முன்பக்க ஏர் ஸ்ட்ரட் (காத்துப் பையோட வர்ற ஷாக் அப்சார்பர்) ஒரிஜினல் ஒண்ணே லட்சத்தைத் தாண்டும். பை லேசா கசிஞ்சாலும் காத்தடிக்கற கம்ப்ரசர் அதை ஈடுகட்ட ஓடி ஓடியே கருகும். மார்கழி, தை பனியில ரப்பர் விறைச்சா கசிவு இன்னும் கூடும், காலையில பார்த்தா ஒரு மூலை படுத்திருக்கும்.

அப்புறம் இந்த வண்டியோட ஓஎம்642 டீசல் இன்ஜின்ல ஆயிலைக் குளிர்விக்கற ஆயில் கூலரோட சீல். கூலர் இருக்கறது ரெண்டு சிலிண்டர் வரிசைக்கும் நடுப்பள்ளத்துல. சீல் என்னமோ சில்லறைக் காசுதான். அதைத் தொடறதுக்கு டர்போ, இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டருக்குக் காத்து போற குழாய்த் தொகுதி) எல்லாம் கழட்டணும். ரெண்டு நாள் கூலி.

ஸ்பேனர்சாமி:
சீல் விஷயத்துல பாதியைத்தான் சொல்றீங்க. பழைய ஆரஞ்சு சீலுக்குப் பதிலா ஊதா நிற விட்டான் (சூடு தாங்கற ரப்பர்) சீல் வந்து வருசமாச்சு, அதை மாத்தின வண்டின்னா அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது. பில் கேளுங்க. இல்லேன்னா லிஃப்ட்ல ஏத்தி, அண்டர் கவரைக் கழட்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்தைப் பாருங்க. ஈரம் இருந்தா உடனே "ரியர் மெயின் சீல் (இன்ஜின் பின்பக்க சீல்), கியர்பாக்ஸை இறக்கணும்"னு சொல்ற மெக்கானிக்கை நம்பாதீங்க. பள்ளத்துல தேங்கின ஆயில்தான் பின்னாடி வழிஞ்சு அங்க வந்து சொட்டும். மேல இருந்து கேமராக் குழாய் விட்டா அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சுடும்.

மேனிஃபோல்டு கழட்டின கையோட டர்போ வாயில இருக்கற சீலையும் மாத்திடணும். அது ஒழுகினா ஆயில் நேரா கீழ இருக்கற ஸ்வர்ல் மோட்டார் (உள்ள போற காத்தைச் சுழல வைக்கற மடலை அசைக்கறது) மேல சொட்டி அதைக் கொன்னுடும், வண்டி சக்தியைக் குறைச்சுக்கற லிம்ப் மோடுக்குப் போயிடும்.

ஏர் பைக்கு மெஷினே வேண்டாம், இஞ்ச் டேப் போதும். சமதளத்துல நிறுத்தி, நாலு மூலையிலயும் சக்கர நடுவுல இருந்து மேல ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதிக்கங்க. 12 மணி நேரம் கதவைக்கூடத் திறக்காம விட்டுட்டு மறுபடி அளங்க. ஒரு மூலை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல இறங்கியிருந்தா அங்க சோப்புத் தண்ணி அடிச்சுப் பாருங்க.

கல்லட்டி36:
ரெண்டு பேரும் இன்ஜினையே சுத்தறீங்க, கேட்டவர் இறக்கத்தைச் சொல்லியிருக்காரு. கோத்தகிரியில இருந்து மேட்டுப்பாளையத்துக்கு சுமார் 33 கிமீல 1,400 மீட்டருக்கு மேல இறங்கணும். ஆளோட சேர்த்து 2,300 கிலோ வண்டி அவ்வளவு இறங்கினா வெளியேற வேண்டிய சக்தி கிட்டத்தட்ட 9 யூனிட் கரன்ட். அதை இன்ஜின் வாங்கலேன்னா பிரேக் டிஸ்க்தான் வாங்கணும். ஆட்டோமேட்டிக் கியரை டி-யிலயே விட்டு இறங்கற ஆளுக்கு எந்த சொகுசு வண்டியும் சரிப்படாது. மேனுவல்ல 2, 3ல பிடிச்சு வாங்க.

பிரேக் ஆயிலை ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கட்டாயம் மாத்தணும். டாட் 4 தர பிரேக் ஆயில் புதுசா இருக்கும்போது 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் ஏறிட்டா கொதிநிலை 155 வரைக்கும் இறங்கலாம். நம்ம ஊர் மூடுபனியில கேக்கவே வேண்டாம்.

ஏறும்போது வேற கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர், காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்கு சொச்சம். அதே பூஸ்டை (இன்ஜினுக்குள்ள தள்ளற காத்தழுத்தம்) கொடுக்க டர்போ கூடுதல் வேகத்துல சுத்தணும். இன்டர்கூலர் (டர்போ காத்தைக் குளிர்விக்கறது) ஹோஸ்ல சின்ன வெடிப்பு இருந்தா கோவை டெஸ்ட் டிரைவ்ல தெரியவே தெரியாது. ரெண்டு கொண்டை ஊசி ஏத்திப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

குன்னூர் டீசல்:
சரி, எல்லாம் பார்த்தே வாங்கினார்னு வைங்க. இதோட 7ஜி (ஏழு கியர் ஆட்டோமேட்டிக்) கியர்பாக்ஸோட கண்ட்ரோல் யூனிட் உள்ளயே ஆயில்ல ஊறிக் கிடக்கு, ஸ்பீட் சென்சாரும் அதுலயேதான். சென்சார் போனா ஒரே கியர்ல மாட்டிக்கும். காயலான் கடையில யூனிட் வாங்கிப் போட முடியாது. அது திருட்டுத் தடுப்புல சேர்த்த பாகம், கம்பெனி சர்வர் வழியா சேசிஸ் நம்பருக்குக் கோடிங் போட்டாத்தான் ஓடும். அதுக்குக் கோவை போகணும். நாலு சக்கர டிரைவ் வண்டியை ரெண்டு சக்கரம் தூக்கி இழுக்கவும் கூடாது, வண்டியை முழுசா மேல ஏத்திப் போற ஃப்ளாட்பெட் லாரிதான். மழைக்காலத்துல மண் சரிஞ்சா அதுவும் வராது. ஃபார்ச்சூனர்னா மேட்டுப்பாளையத்துலயே பார்ட்ஸ் கிடைக்கும்.

ஸ்பேனர்சாமி:
தூரம் நிஜமான குறைதான், ஒத்துக்கறேன். அதே 16 லட்சத்துல வர்ற ஃபார்ச்சூனர் எத்தனை கிமீ ஓடியிருக்கும்னும் பாருங்க. என் கணக்கு: 13க்கு மேல கொடுக்காதீங்க, 3 லட்சத்தை பேங்க்லயே தனியா வைங்க. முதல் மாசமே கியர் ஆயில் ஃபில்டரோட, பிரேக் ஆயில், கூலன்ட், எக்ஸ்பான்ஷன் டேங்க் (கூலன்ட் தொட்டி) மூடி எல்லாம் மாத்துங்க. மூடி லேசுன்னு விட்டுடாதீங்க, உயரத்துல தண்ணி 93 டிகிரிக்குள்ளயே கொதிக்கும், அதை அடக்கி வைக்கறது அந்த மூடியோட அழுத்தம்தான். அந்த 3 லட்சம் கையில இல்லேன்னா குன்னூர்க்காரர் சொல்றதைக் கேளுங்க.

கோத்தகிரி43:
எம்எல் 250 வாங்கினா செலவு குறையுமா?

ஸ்பேனர்சாமி:
நாலு சிலிண்டர், இந்த ஆயில் கூலர் தலைவலி இல்லை. ஆனா டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கு. காலையில ஸ்டார்ட் பண்ணினதும் ரெண்டு மூணு செகண்ட் கரகரன்னு கேட்டா விட்டுடுங்க. முந்தின நாள் ராத்திரியே "சூடு பண்ணி வைக்காதீங்க"ன்னு சொல்லிடணும், விக்கிறவங்க அதைத்தான் முதல்ல செய்வாங்க.

கோத்தகிரி43:
350 ஓனர்கிட்ட பேசினேன். ராத்திரி நிறுத்தி அளக்கச் சம்மதம், மலை ஏத்திப் பார்க்கவும் சம்மதம். அண்டர் கவர் மட்டும் கழட்டக் கூடாதாம், கிளிப் உடையுமாம்.

குன்னூர் டீசல்:
கிளிப்புக்குக் காசு நான் தர்றேன்னு சொல்லிப் பாருங்க.

ஸ்பேனர்சாமி:
இதுல நானும் அவர் பக்கம். அதுக்கும் மறுத்தா அடுத்த வண்டியைப் பாருங்க.