திருமயிலை ஸ்டேஷனுக்கு அடியில் ஓடும் கால்வாய்: முதலிலிருந்தே சாக்கடைதானா?

தினப்பயணி:
தினமும் திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறுகிறேன். ஸ்டேஷனுக்கு அடியில் கறுப்பாகக் கிடப்பது பக்கிங்காம் கால்வாய் என்று போன வாரம்தான் தெரிந்தது. கழிவுநீர் போகத்தான் அதை வெட்டினார்களா? அப்புறம், அதன் மேல் இருக்கும் ஒரு பாலத்தை அப்பா ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்பார். இப்போது அது அம்பேத்கர் பாலம். அந்தப் பழைய பெயர் எப்படி வந்தது?

விறகுத்தொட்டிப் பேரன்:
இல்லைங்க, படகு போக வெட்டியது. என் தாத்தா மயிலாப்பூரில் ஒரு விறகுத்தொட்டியில் கணக்கு எழுதியவர். விறகு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து படகில் வரும். ஆமாம், இன்று ராக்கெட் விடும் அதே தீவுதான். காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்தபடியே கயிறு கட்டி இழுப்பார்கள். பாலம் நெருங்கும்போது பாய்மரத்தைச் சாய்க்கச் சொல்லிப் போடும் சத்தம் தொட்டி வரை கேட்கும் என்பார் தாத்தா.

கால்வாயின் வடக்குப் பகுதி பழையது. பேசில் காக்ரேன் என்ற வணிகர் 1806இல் எண்ணூர் வரை வெட்டினார், 1837இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. நீங்கள் பார்க்கும் துண்டு வேறு. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர், 1877-78இல் தோண்டியது. தாது வருடப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரை வைத்தார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை.

1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு என்ன கூலி தெரியுமா? ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலை, கூட ஓரணா. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட வராது. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. நாளெல்லாம் மண் வெட்டுகிறவர் இதை வைத்து உயிர் பிழைக்க முடியாது என்று சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். அதைப் படித்த நாளிலிருந்து அந்தக் கால்வாயைச் சாக்கடை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

லஸ்வாசி:
பாலத்தின் கதையை நான் சொல்கிறேன். முதலில் அது ஹாமில்டன் பாலம். மக்கள் வாயில் ஹாமில்டன் ‘அம்பட்டன்’ என்று திரிந்தது. அதைத் திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்தபோது பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆகிவிட்டது. அம்பேத்கர் பெயர் பிறகு வைத்தது. அப்பா சொல்வதும் அதே பாலம்தான்.

தினப்பயணி:
இருவருக்கும் நன்றி. படகு போன கால்வாய் எப்படி இந்த நிலைக்கு வந்தது?

விறகுத்தொட்டிப் பேரன்:
ஒரே நாளில் நடந்ததில்லை. சரக்கு ரயிலுக்கும் லாரிக்கும் போய்விட்டது. 1965, 66 புயல்களில் கால்வாய் நிறையச் சேதமானது, அதற்குப் பிறகு போக்குவரத்து பெரிதாகத் திரும்பவே இல்லை. படகு போகாத இடத்தில் தூர் வார யாருக்கு அக்கறை? ஊர்க் கழிவு வந்து சேர்ந்தது. இது கடல் மட்டத்தை ஒட்டிய கால்வாய், தனக்கென்று பெரிய ஓட்டம் கிடையாது. கூவம், அடையாறு முகத்துவாரங்களை மணல் அடைத்துவிட்டால் தண்ணீர் அப்படியே நின்றுவிடும். நாற்றத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் பறக்கும் ரயில். 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை வந்தது. தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே நட்டார்கள். நானும் அந்த ரயிலில்தான் போகிறேன், அது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மழைத்தண்ணீர் போக இருந்த அகலத்தைக் குறைத்தது தப்பு. 2008இல் இந்தக் கால்வாயையும் சேர்த்துத் தேசிய நீர்வழி எண் 4 என்று அறிவித்தார்கள். ஸ்டேஷன்களுக்கு அடியில் எந்தப் படகு நுழையும்?

தினப்பயணி:
அப்பாவிடம் படித்துக் காட்டினேன். சின்ன வயதில் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்தபடி படகு பார்த்தாராம், இத்தனை வருஷத்தில் என்னிடம் சொன்னதே இல்லை! ஞாயிற்றுக்கிழமை இருவரும் கால்வாய் அடையாற்றில் சேரும் இடத்தைப் பார்க்கப் போகிறோம். கிரீன்வேஸ் சாலை ஸ்டேஷனில் இறங்கினால் போதுமா?

விறகுத்தொட்டிப் பேரன்:
போதும். அங்கிருந்து தெற்கே கொஞ்ச தூரம்தான். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் அப்பாவால் நிற்க முடியாது. எந்தப் பாலத்திலிருந்து பார்த்தார், படகில் என்ன ஏற்றியிருந்தது என்று கேட்டு இங்கே எழுதுங்கள்.