விசைப்பலகை ஃபோகஸ்: ‘குவியம்’ அன்று, ‘விசையேற்பு’

குழுவினர்க்கு வணக்கம்.

திரையில் சாளரங்களை நிர்வகிக்கும் மென்பொருளான சாளர மேலாளரின் பிழைக்குறிப்புகளைத் தமிழாக்குகையில், தட்டும் விசைகள் எந்தச் சாளரத்துக்குச் செல்கின்றன என்பதைக் குறிக்கும் ஃபோகஸுக்குக் ‘குவியம்’ என்றே முடிவு செய்யும் தறுவாயில் இருக்கிறோம். அதற்குமுன், பெங்களூரில் அல்சூர்ப் பக்கம் நாங்கள் சிலர் கூடி ஆராய்ந்த ஒரு பிழையைக் கருத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

ஜாவாவில் எழுதப்பட்ட ஒரு செயலியின் சாளரம் மற்றெல்லாவற்றுக்கும் மேலே நின்றது. தலைப்புப் பட்டையும் நடப்புச் சாளரத்துக்குரிய நிறத்தைக் காட்டியது. தட்டிய எழுத்துகள் மட்டும் அதில் விழவில்லை. ‘சாளரத்துக்குக் குவியம் இல்லை’ என்று குறித்தோம். அதைப் படித்த நண்பர், எழுத்துகள் மங்கலாகத் தெரிகின்றன என்று பொருள்கொண்டார். பள்ளி இயற்பியலில் ஒளிக்கதிர்கள் வந்து கூடும் புள்ளியைத்தானே குவியம் என்று படித்தோம். அவர் வேறெப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்?

சாளரத்தின் பண்புகளைக் காட்டும் எக்ஸ்பிராப் (xprop) கட்டளையைக் கொண்டு பார்த்தபோது காரணம் தெரிந்தது. லினக்ஸ் போன்றவற்றில் சாளரங்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 அமைப்பில் ஒவ்வொரு சாளரமும் இரண்டு செய்திகளை அறிவிக்கலாம்: மேலாளர் நேரடியாகத் தரும் உள்ளீட்டை ஏற்குமா என்பது ஒன்று, ‘இப்போது நீ எடுத்துக்கொள்ளலாம்’ என்னும் அழைப்பை எதிர்பார்க்கிறதா என்பது மற்றொன்று. இவ்விரண்டும் கூடியும் குறைந்தும் அமைவதால் செயலிகளும் மேலாளரும் தொடர்புகொள்ளும் முறையைக் கூறும் ஐசிசிசிஎம் (ICCCM) நெறிமுறை நான்கு வகைகளை வகுக்கிறது. எங்கள் செயலி முதலாவதற்கு ‘இல்லை’ என்றும் இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றும் அறிவித்திருந்தது. அதாவது, அழைத்தால் தானே எடுத்துக்கொள்ளும் வகை. மேலாளரோ அந்த ‘இல்லை’யை மட்டும் படித்துவிட்டு, அழைப்பை அனுப்பாமலே விட்டிருந்தது.

ஆக, இங்கே எதுவும் எங்கும் குவியவில்லை. தருதல், ஏற்றல், எடுத்துக்கொள்ளல் என்பனவே நடக்கின்றன. நெறிமுறையே ‘ஏற்குமா’ என்று கேட்கும்போது, ‘விசையேற்பு’ என்னும் சொல் பொருளுக்கு மிக அணுக்கமானது என்று உறுதியாகக் கருதுகிறேன். மேலே நிற்பதும், நடப்புச் சாளரமாக இருப்பதும், விசையேற்புப் பெற்றிருப்பதும் வெவ்வேறு நிலைகள் என்பதை இச்சொல் மறைக்காது. சுட்டி நிற்கும் சாளரத்துக்கே விசைகள் செல்லும் அமைப்பைச் ‘சுட்டிவழி விசையேற்பு’ எனலாம். படிவத்தில் தத்தல் (Tab) விசையால் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குச் செல்வதற்கும் இது பொருந்தும். எக்ஸ்11-க்கு மாற்றாக வந்த வேலண்டில் விசைகள் ஒரு பரப்புக்கு (செயலி வரையும் சாளரப் பகுதிக்கு) வந்துசேர்வதையும் விட்டுநீங்குவதையும் தனித்தனி நிகழ்வுகளாக அறிவிக்கிறார்கள். அவற்றை ‘விசையேற்புத் தொடக்கம்’, ‘விசையேற்பு நீக்கம்’ என்று எழுதலாம்.

மெனு திறந்திருக்கையில் அது விசைப்பலகையைத் தற்காலிகமாகத் தன்வசம் வைத்துக்கொள்வதுண்டு. அதற்குப் ‘பிடிப்பு’ என்னும் தனிச்சொல் வேண்டும். இரண்டையும் ஒன்றாக எழுதினால், பிழை தேடுபவர் தவறான இடத்தில் தேடுவார்.

‘விசை’ என்பது இயற்பியலில் வேறொன்றைக் குறிக்கிறதே என்று கேட்கலாம். விசைப்பலகை என்னும் சொல் நிலைபெற்றுவிட்டதால், கணினிச் சூழலில் அது இடர்தராது. ஆனால் ‘விசையேற்ற சாளரம்’ என்று பெயரெச்சமாக்கினால் விசையை ஏற்றிய சாளரம் என்றும் படிக்க இடமுண்டு. ஆகவே பெயர்ச்சொல்லாகவே ஆள்வோம்: விசையேற்பு தா, விசையேற்புப் பெறு, விசையேற்பு இழ.

பயனர் வேறிடத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது புதிய சாளரம் குறுக்கே வந்து விசைகளை வாங்கிக்கொள்வதற்கு ‘விசையேற்புப் பறிப்பு’ என்று குறித்து வைத்திருக்கிறேன். ‘பறிப்பு’ சற்றுக் கடுமையாகப் படுமாயின், அதே பொருள் கெடாத வேறு சொல்லைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.