ஒன்பது வயது மகனுக்கு வளர்ச்சி ஹார்மோன் 0.4: இது ஆபத்தா?

ஆதவன் அம்மா:
வணக்கம். என் மகனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் காலைப் பிரார்த்தனை வரிசையில் எப்போதும் அவன்தான் முதலில் நிற்கிறான், அவ்வளவு குள்ளம். உறவினர் சொன்னதைக் கேட்டு, மருத்துவரைப் பார்க்காமலே ஆய்வகத்தில் வளர்ச்சி ஹார்மோன் அளவைப் பார்த்தோம். இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனான். பதினொரு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு 0.4 நானோகிராம்/மி.லி. பக்கத்திலேயே தடித்த எழுத்தில் 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது. உடனே ஊசி போடாவிட்டால் காலம் கடந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நுண்ணோக்கி:
சகோதரி, ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இந்த ஒரு எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனைக் குழாய்த் தண்ணீர் போல ஒரே சீராக விடுவதில்லை. விட்டுவிட்டுச் சுரக்கும், அதிலும் பெரும்பகுதி இரவில், ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் எடுத்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் ஒன்றுக்குக் கீழே வரும். சாப்பிட்டிருந்தால் இன்னும் இறங்கும். ஓடி வந்திருந்தால் ஏறும். பிறந்த முதல் வாரம் மட்டும் வேறு கதை. அப்போது இயல்பாகவே அளவு உயர்ந்திருக்கும் என்பதால், ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகும் பச்சிளங்குழந்தைக்கு 5-க்குக் கீழே வந்தால் அது பொருட்படுத்த வேண்டிய எண்.

ஐ.ஜி.எஃப்-1 பார்த்தார்களா? வளர்ச்சி ஹார்மோனின் தூண்டுதலால் பெரும்பாலும் கல்லீரலில் உருவாவது அது; நாள் முழுக்க அதிகம் மாறாது. ஆனால் வயதுக்கும் பாலினத்துக்கும் உரிய அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். சிறு வயதில் குறைவாக இருந்து, பூப்புப் பருவத்தில் உச்சம் தொட்டு, பிறகு வயதாக ஆக இறங்கும். அறுபது வயதில் 150 இயல்பு; பதினைந்து வயதில் அதே 150 பெரும்பாலும் குறைவு. ஊட்டச்சத்துக் குறைவும் தைராய்டு குறைவும்கூட அதைத் தாழ்த்தும்.

கொன்றைப்பூ:
அக்கா, என் மகளுக்கு இதையெல்லாம் பார்த்தோம். நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முதலில் கேட்டது பழைய உயரக் குறிப்புகளைத்தான். நான்கு வயதிலிருந்து பூப்பு வரை ஆண்டுக்கு ஐந்து செ.மீ. அளவிலாவது வளர வேண்டும், நான்குக்கும் கீழே போனால் காரணம் தேடியே ஆக வேண்டும் என்றார். எலும்பு வயது பார்க்க இடது கை எக்ஸ்ரே, தைராய்டு, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், பெண் பிள்ளை என்பதால் குரோமோசோம் சோதனை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

மருந்து கொடுத்து வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கவைத்து அளக்கும் தூண்டல் சோதனை அதற்குப் பிறகுதான். காலையில் வெறும் வயிற்றில் கையில் ஊசிக்குழாய் பொருத்தி, குளோனிடின் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு அரை மணிக்கொரு முறை ரத்தம். அந்த மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்பதால் செவிலியர் அளந்துகொண்டே இருந்தார். மகள் என் மடியில் தூங்கி வழிந்தாள். உச்ச அளவு 10-ஐத் தாண்டினால் குறைபாடு இல்லை என்பார்கள். சில இடங்களில் 7. தாண்டாவிட்டாலும் இன்னொரு மருந்தால் ஒருமுறை சோதித்த பிறகே ஊசியைப் பற்றிப் பேசுவார்கள்.

வடகரையான்:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் அப்பாவுக்கு 58 வயது. மோதிரம் விரலில் ஏறவில்லை, செருப்பு அளவும் கூடிவிட்டது. வளர்ச்சி ஹார்மோன் 2.1, 'இயல்பு' என்று வந்தது. விட்டுவிடலாமா?

நுண்ணோக்கி:
விடாதீர்கள், தம்பி. பெரியவர்களுக்கு ஹார்மோன் மிகுந்தால் கை கால் தடிக்கும், அக்ரோமெகலி என்பார்கள். அதிலும் ஒற்றை அளவு ஏமாற்றும். முதலில் அவர் வயதுக்கான ஐ.ஜி.எஃப்-1 பாருங்கள். அது கூடியிருந்தால் 75 கிராம் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிப்பார்கள். வளர்ச்சி ஹார்மோன் 1-க்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பிட்யூட்டரிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

ஆதவன் அம்மா:
இருவருக்கும் நன்றி. பள்ளி மருத்துவ அட்டையைத் தேடி எடுத்தேன். கடந்த ஓராண்டில் 3.5 செ.மீ.தான் வளர்ந்திருக்கிறான்.

கொன்றைப்பூ:
அப்படியானால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள், அக்கா. காரணம் தெரியும் வரை ஊசிக்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். அந்த அட்டையைக் கட்டாயம் கொண்டுபோங்கள். உங்கள் இருவர் உயரத்தையும் அளந்து வையுங்கள். இரண்டையும் கூட்டி, பையன் என்பதால் 13 செ.மீ. சேர்த்து, பாதியாக்கினால் அவன் எட்டக்கூடிய உயரம் ஏறத்தாழத் தெரியும். மருத்துவர் அதையும் கேட்பார்.