18 பந்தயங்களில் 11 வென்றும் பணம் குறைகிறது: பேஸ்பால் கணக்கைப் புரியவைக்க முடியுமா?

புதுவரவு:
வணக்கம். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலை இரண்டு சீசனாகப் பார்க்கிறேன். பந்தயம் கட்டத் தொடங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. யார் வெல்வார்கள் என்று மட்டும் சொல்லும் மனிலைன் பந்தயம், ஒவ்வொன்றுக்கும் 10 டாலர். 18 கட்டி 11 வென்றேன். ஆனாலும் கையில் சுமார் 9 டாலர் குறைகிறது. மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன். எல்லாமே மைனஸ் 180 அல்லது அதை ஒட்டிய விலையில் இருந்த பலமான அணிகள். நிறுவனம் கணக்கில் தவறு செய்கிறதா?

இன்னொன்று. இந்த 18இல் சேராத ஓர் ஆட்டத்தில் என் அணி வென்றும், கட்டிய 10 டாலர் மட்டுமே திரும்பி வந்தது. பந்தயச் சீட்டில் ‘லிஸ்டட் பிட்சர்’ என்று இருக்கிறது. ஏன் இப்படி?

கணக்குப்பிள்ளை:
நிறுவனத்தின் கணக்கு சரிதான். மைனஸ் 180 என்றால் 180 கட்டினால்தான் 100 லாபம். அப்படியானால் 10 டாலருக்கு 5.56. பதினொரு வெற்றிக்கு 61 டாலர் வந்தது, ஏழு தோல்விக்கு 70 போனது. உங்கள் 9 டாலர் அங்கேதான் இருக்கிறது.

180ஐ 280ஆல் வகுத்துப் பாருங்கள்: 64.3 சதவீதம். அந்த விலையில் கைநட்டம் இல்லாமல் தப்பிக்கவே அவ்வளவு வெல்ல வேண்டும். நீங்கள் வென்றது 61.1. இன்னும் ஒரே ஓர் ஆட்டம் வென்றிருந்தால் 6 டாலருக்கு மேல் லாபத்தில் இருந்திருப்பீர்கள்.

எதிரணியின் விலை பிளஸ் 155 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 கட்டினால் 155 லாபம். தேவைப்படும் வெற்றி விகிதம் 39.2. இரண்டையும் கூட்டினால் 103.5 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் அந்த மூன்றரைதான் நிறுவனத்தின் பிழைப்பு.

இந்த விளையாட்டில் பலமான அணி என்பதற்கே பொருள் வேறு. 2001இல் சியாட்டில் மரினர்ஸ் 162 ஆட்டங்களில் 116 வென்றது; அந்த மாபெரும் அணியின் விகிதமே 71.6 தான். 2024இல் 121 ஆட்டங்கள் தோற்ற சிகாகோ வைட் சாக்ஸும் 41 முறை யாரையோ வீழ்த்தியிருக்கிறது. அதனால் எத்தனை வென்றோம் என்று எண்ணாதீர்கள், என்ன விலைக்கு வென்றோம் என்று பாருங்கள்.

மேட்டுப்பந்து:
பிட்சர், அதாவது பந்து எறிபவர் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். பேஸ்பாலில் விலையை மற்ற எதையும்விட அதிகமாக அசைப்பவர் அன்றைய தொடக்க பிட்சர். நேற்று ஒருவர், இன்று வேறொருவர் என்பதால் அதே இரு அணிகளுக்கு அடுத்த நாளே வேறு விலை வரும். நீங்கள் கட்டியது அறிவிக்கப்பட்ட பிட்சர்கள் தொடங்கினால் மட்டுமே செல்லும் பந்தயம். அவர்களில் ஒருவர் கடைசி நேரத்தில் விலகியிருப்பார்; அதனால் பந்தயம் ரத்தாகிப் பணம் திரும்பியது. ‘ஆக்ஷன்’ என்று தேர்ந்தெடுத்திருந்தால் யார் எறிந்தாலும் பந்தயம் நின்றிருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறும், அதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்.

புதுவரவு:
நன்றி, இப்போது விளங்குகிறது. அப்படியானால் பலமான அணியையே ரன் லைனில், மைனஸ் 1.5இல் எடுத்தால் என்ன? விலை நன்றாக இருக்கிறதே. இழந்த 9 டாலரைப் பிடிக்க 20 டாலராகக் கட்டலாம் என்றும் நினைக்கிறேன்.

மேட்டுப்பந்து:
மைனஸ் 1.5 என்றால் குறைந்தது இரண்டு ரன் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். உள்ளூர் அணியில் கட்டும்போது இங்கே ஒரு குழி இருக்கிறது. எட்டு இன்னிங்ஸ் முடிந்து உங்கள் உள்ளூர் அணி 4-3 என்று முன்னிலை. கடைசியான ஒன்பதாவதில், முதலில் மட்டை பிடிக்கும் வெளியூர் அணி ரன் எடுக்காமல் ஆட்டமிழந்தால் அத்தோடு ஆட்டம் முடிந்தது. உங்கள் அணி மட்டையே பிடிக்காது. வித்தியாசம் ஒன்று, பந்தயம் போச்சு. 3-3 என்று சமமாக இருந்து கடைசியில் உள்ளூர் அணி வென்றாலும், அது பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கும் ஹோம் ரன்னாக இல்லாவிட்டால், வெற்றி ரன் விழுந்த கணமே ஆட்டம் நின்றுவிடும். அதுவும் ஒரே ரன். வெளியூர் அணிக்கோ ஒன்பது இன்னிங்ஸும் உறுதி. விலை நன்றாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்குப்பிள்ளை:
20 டாலர் வேண்டாம், நண்பரே. கெஞ்சிக் கேட்கிறேன். நட்டத்தைத் துரத்திப் பந்தயத் தொகையை ஏற்றுவதில்தான் 9 டாலர் 90 ஆகிறது. சீசன் முழுவதற்கும் போனால் போகட்டும் என்று ஒரு தொகையைத் தனியே வையுங்கள். அது தீர்ந்தால் ஆட்டத்தை மட்டும் பாருங்கள். 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் இது ஒவ்வொரு மாநிலமும் முடிவு செய்யும் விஷயம். நீங்கள் இருக்கும் இடத்தின் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவரவு:
20 டாலர் எண்ணத்தைக் கைவிட்டேன். நோட்டில் ‘தேவையான சதவீதம்’ என்று புதிய பத்தி போட்டுப் பழைய 18ஐயும் எழுதினேன். இன்றைய ஆட்டத்தில் நான் எடுக்க நினைத்த அணி மைனஸ் 210. 67.7 வருகிறது. அவ்வளவு நம்பிக்கை எனக்கு இல்லை. கட்டாமல் பார்க்கப்போகிறேன்.