மஞ்சள் கடுதாசியா, பேசி முடிப்பதா?

கேள்வி

வணக்கம். பல ஆண்டுகள் நடத்திய அச்சகத்தைச் சென்ற ஆண்டு மூடிவிட்டு, இப்போது மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். ஒரு வங்கியின் தொழில் கடன், மூன்று கிரெடிட் கார்டுகள், நண்பர் ஒருவரிடம் வாங்கிய கைமாற்று என ஐந்து இடங்களில் பாக்கி நிற்கிறது. வங்கிக் கடனுக்கு என் மைத்துனர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எவ்வளவு கட்டினாலும் வட்டிக்கே சரியாகிவிடுகிறது. மொத்தப் பாக்கியில் மூன்றில் ஒரு பங்கை ஒரே தொகையாகத் தருவதற்கு என் அண்ணன் முன்வந்திருக்கிறார். அதை வைத்து ஒவ்வொருவரிடமும் பேசி முடிப்பதா, மஞ்சள் கடுதாசி, அதாவது திவால் மனு, கொடுத்துவிட்டு நீதிமன்றத்தின் பொறுப்பில் விடுவதா என்று தெரியாமல் தவிக்கிறேன். இன்று மாலைக்குள் பாதியைக் கட்டினால் கணக்கை முடித்துவிடுவதாக ஒரு கார்டின் வசூல்காரர் தொலைபேசியில் சொல்கிறார். கட்டிவிடலாமா?

முதல் பதில்

ஐயா, இன்று மாலை ஒரு பைசாவும் கட்டாதீர்கள். நானும் இப்படியொரு வாய்ப்பேச்சை நம்பிக் கட்டினேன். எட்டு மாதம் கழித்து, மீதிக் கடனை விலைக்கு வாங்கிய வேறொரு நிறுவனத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. பழைய ரசீதை எடுத்துப் பார்த்தபோது அதில் 'பகுதித் தொகை பெறப்பட்டது' என்று மட்டும் இருந்தது. 'பகுதி' என்ற அந்த ஒரு சொல்லால், கட்டிய பணம் கடனை முடிக்காமல் வெறும் தவணையாகவே நின்றுவிட்டது.

அடுத்த கடனைப் பேசியபோது, கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய கடைசி நாள், 'இத்தொகையுடன் கடன் முழுவதும் தீர்ந்தது, மீதி தள்ளுபடி செய்யப்படுகிறது' என்ற வாசகம் ஆகிய நான்கும் அடங்கிய கடிதம் கையெழுத்துடன் கைக்கு வந்த பிறகே பணத்தை அனுப்பினேன். அதையும் வசூல்காரர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்தினேன். பாக்கி இல்லை என்ற சான்றிதழையும் தவறாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது முற்றிலும் சரி. ஆனால் உங்கள் சிக்கல் அந்தக் கடிதத்தோடு முடிவதில்லை. பேசி முடிக்கும் ஒப்பந்தம் கையெழுத்திட்டவரை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பதால், நான்கு பேர் ஒப்புக்கொண்டு அண்ணன் பணம் கரைந்த பிறகு ஐந்தாமவர் வழக்குத் தொடுத்தால் உங்களிடம் கொடுக்க எதுவும் மிஞ்சாது. இதற்காகவே சில நாடுகளில் நடுவழி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில், வாக்களிக்கும் கடன் கொடுத்தவர்களில் கடன் மதிப்பின்படி 75 சதவீதத்தினர் ஏற்றுக்கொண்டால், மறுத்தவரையும் அந்த ஏற்பாடு கட்டுப்படுத்தும். கனடாவிலும் இதுபோன்ற முறை உண்டு; அங்கே அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சொல்லவில்லை. அங்கே அப்படியொரு வழி இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

திவால் மனு எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரும் என்பது உண்மை. ஆனால் சொத்து, வரவு, அண்மையில் யாருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்பது வரை அனைத்தையும் நீங்கள் வெளிப்படுத்தியாக வேண்டும். இந்தியாவின் 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டத்தின்படி, திவாலானவர் என்று அறிவிக்கப்பட்டவுடன் கடனிலிருந்து விடுதலை கிடைத்துவிடாது. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கியும் மோசடியால் வந்த கடனும் அப்போதும் தீராது. உங்கள் விஷயத்தில் இவற்றைவிட முக்கியமானது ஜாமீன். நீங்கள் விடுபட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடமாட்டார். நீங்கள் மனுப் போட்டால் வங்கி உங்கள் மைத்துனர் வீட்டு வாசலில்தான் போய் நிற்கும்.

கேட்டவர்

இது எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்றையும் கேட்கிறேன். அச்சகத்தில் கூலி கொடுக்க வழியில்லாத நாளில், ஒரு துண்டுச் சீட்டுக்கூட எழுதி வாங்காமல் பணம் தந்தவர் அந்த நண்பர். அவருக்கு மட்டும் முழுத் தொகையை முதலில் கொடுத்துவிட விரும்புகிறேன். அது தவறாகுமா?

இரண்டாம் பதில்

உங்கள் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் கையில் இருப்பதை ஒருவருக்கு மட்டும் முன்னுரிமையாகக் கொடுத்துவிட்டு அடுத்து மனுப் போட்டால், அந்தப் பணத்தை அவரிடமிருந்து திரும்பப் பெற வழி உண்டு. நான் சொன்ன 1920ஆம் ஆண்டுச் சட்டத்தில் மனுவுக்கு முந்தைய 3 மாதங்களில் நடந்த கொடுக்கல் இதில் சிக்கும். அமெரிக்காவில் பொதுவாக 90 நாட்கள், நெருங்கிய உறவினருக்குக் கொடுத்திருந்தால் ஓராண்டு. நன்றிக்கடனாக நீங்கள் கொடுத்த பணத்துக்காக அவர் நீதிமன்றப் படியேற நேரிடும். அவரிடம் நிலைமையை எடுத்துச் சொல்லி, பொறுத்துக்கொள்ளக் கேளுங்கள். எழுதி வாங்காமல் கொடுத்தவர் இதையும் புரிந்துகொள்வார் என்றே நம்புகிறேன்.

அண்ணனின் பணம் இப்போதைக்கு அவர் கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் கணக்குக்கு வந்துவிட்டால் அது உங்கள் சொத்தாகிவிடும். முதலில் வங்கியிடம் பேசுங்கள். ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்ற வரி அவர்கள் தரும் கடிதத்தில் இருந்தாக வேண்டும். வங்கி அதற்கு இசைந்தால் மீதிப் பணத்தோடு கார்டுகளிடம் போங்கள். இசையாவிட்டால், மனுவைப் பற்றி ஒரு வழக்கறிஞரிடம் பேசுவதற்கு முன்பே மைத்துனரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். நோட்டீஸைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளும்படி விடாதீர்கள்.